பழைய பிக்கப் வண்டியின் தகடுகளைச் சீராகப் பொருத்துதல்

கீழ்வேளூர்ச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில், மாட்டுக் கொட்டகையின் ஓர் ஓரத்திலோ, வைக்கோற்போரின் மறைவிலோ, ஓட்டமில்லாமல் நிற்கும் பழைய ஜீப்பையோ ஜீப் பிக்கப் வண்டியையோ இன்றும் காணலாம். இவ்வண்டிகளுக்கும் கிராம வளர்ச்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, வட்டார அதிகாரியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த வாகனம் ஜீப்பேயாகும். பின்னர் 1960-இல், கீழ்வேளூரும் உள்ளிட்ட அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில், விதையும் உரமும் ஆலோசனையும் இவ்வண்டிகளிலேயே வயலோரம் வந்து சேர்ந்தன. அலுவலகங்களில் பணி முடித்த வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு வந்தன. பின்பகுதியில் சுமைத் தொட்டியும், முன்பகுதியில் கேபினும் இரும்புக் கதவும் பொருத்தப்பட்டு, அவை நெல் மூட்டையும் வாழைத்தாரும் சுமந்தன.

இத்தகைய வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றனர். தந்தையார் ஓட்டிய வண்டி என்னும் பற்றினாலும், எஞ்சின் எளிமையானது, உள்ளூரிலேயே பழுதுபார்க்கலாம் என்னும் நம்பிக்கையினாலும் இம்முயற்சியில் இறங்குகின்றனர். எஞ்சின் வேலை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. தகடுகளில்தான் பணம் வீணாகிறது. பளபளவென வண்ணம் பூசி வந்த வண்டியின் கதவு இழுத்து அறைந்தாலன்றி மூடுவதில்லை. பானெட்டின் ஒரு மூலை தூக்கி நிற்கிறது. ஆறு மாதத்தில் மட்கார்டு ஓரத்தில் பட்டி வெடித்துத் துரு வெளிப்படுகிறது. பார்வைக்கு மட்டுமே உரிய குறை என்று இதனைத் தள்ளிவிடலாகாது. முழுமையாகப் பூட்டிக்கொள்ளாத கதவு, மேடு பள்ளத்தில் தானே திறந்து பக்கத்தில் இருப்பவரைச் சாலையில் தள்ளிவிடும். சரியாக அமராத பானெட் காற்றின் வேகத்தில் எழுந்து ஓட்டுநரின் கண்ணை மறைத்துவிடும்.

தகடுகளைச் சீராகப் பொருத்தும் வேலையில் யாவற்றுக்கும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஒரு தகடு பொருந்தவில்லையென்றால், குறை பெரும்பாலும் அத்தகட்டில் இல்லை. அதற்குக் கீழே இருக்கிறது. காவிரிப் படுகையில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதன்று. நம் களிமண் ஐப்பசி மழையில் உப்பும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அடித்தளத்தின் ஒரு பக்கம் இறங்கினால், வாசற்கதவு நிலையில் இடிக்கும். உடனே தச்சரை அழைத்துக் கதவை இழைக்கச் சொல்வோம். அடுத்த கோடையில் அதே கதவில் விரல் நுழையும் சந்து தோன்றும். பழைய வண்டியின் கதவை அரத்தால் ராவுவதும் இவ்வாறானதே. கதவின் இடைவெளி, கீழே நேர்ந்துள்ள மாற்றத்தைத் தெரிவிக்கும் அளவுகோல். அந்த அளவுகோலையே அறுத்துவிட்டால் பின்னர் எதைக் கொண்டு அளப்பது?

செலவில் இறங்குமுன்

சட்ட நிலையை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். அரசுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் சொந்தமான வண்டிகள் 15 ஆண்டு கடந்துவிட்டால் பதிவைப் புதுப்பிக்கலாகாது என்னும் மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய வண்டியைப் புதுப்பிக்கத் தீர்மானம் நிறைவேற்றுமுன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். தனியார் வண்டிகளில், 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்கென 2021-இல் தனிப் பதிவு முறை ஏற்பட்டது. எனினும் அது இருசக்கர வண்டிகளுக்கும், ஆட்கள் செல்லும் நாற்சக்கர வண்டிகளுக்கும் உரியது; சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்குப் பொருந்தாது. மேலும், அவ்வாறு பதிவு பெற்ற வண்டியை அன்றாட வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டுவதற்கு இடமில்லை. தயாரிப்பாளர் அமைத்த அடிப்படை அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சேஸிஸில் பொறித்துள்ள எண்ணை வெல்டிங் வேலையின்போது தேய்த்துவிடாமல் காக்க வேண்டும். அந்த எண் அழிந்த வண்டியை ஆய்வாளர் ஐயத்துடன் பார்ப்பதில் வியப்பில்லை.

அடுத்தது துரு. கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரே. உப்புக் காற்று ஒரு புறம். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மறுபுறம். இவற்றோடு உர மூட்டைகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பொட்டாஷ் உரம் ஒருவகைக் குளோரைடு உப்பேயாதலால், தொட்டியின் இடுக்கில் சிந்திய பிடி உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்க வல்லது. வெள்ளத்திலோ, 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் போன்ற பேரிடரிலோ தண்ணீரில் நின்ற வண்டியானால், சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நலம்; பொத்தென்று ஒலித்தால் உள்ளே செதில் செதிலாகத் துரு சேர்ந்துள்ளது என்று பொருள். வண்டியை விலைக்கு வாங்குவோர் கையில் ஒரு சிறு காந்தத்துண்டு வைத்துக்கொள்ளலாம். பட்டி கனமாக அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது. கதவின் அடியோரம், கேபினின் பின்மூலைகள், மிதிபலகையை அடுத்த அடிச்சட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் காந்தம் நழுவினால் வேலை பெரிது என்று அறியலாம்.

சேஸிஸ் சட்டத்தை அளத்தல்

இவ்வகை வண்டியின் அமைப்பு ஏணி போன்றது. இரு நீண்ட இரும்புச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது சேஸிஸ். அதன்மேல் கேபின் ஒரு தனிப் பெட்டியாகவும், சுமைத் தொட்டி மற்றொரு தனிப் பெட்டியாகவும் போல்ட்டினால் பிணைக்கப்பட்டுள்ளன. மட்கார்டு, கிரில், பானெட் ஆகியவையும் தனித்தனியே கழற்றத்தக்கவை. இக்காலத்துக் கார்களில் அடித்தளமும் மேற்கூடும் ஒன்றாகவே வார்த்தது போல் வெல்டிங் செய்யப்படுவதால் அவற்றில் இத்தகைய சரிசெய்தலுக்கு இடம் குறைவு. பழைய வண்டியில் ஒவ்வொரு பிணைப்பும் சற்றே நகரக் கூடியது. அதுவே அதன் தொல்லை. அதுவே அதன் வசதியுமாகும்.

அளவெடுக்க வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் இதற்கு ஏற்றதென்று பலர் கருதுவர். ஆனால் மழைநீர் வடியும் பொருட்டுக் களத்துக்குச் சரிவு கொடுக்கப்பட்டிருக்கும். கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயைக் கொண்டு நான்கு சக்கரங்களின் இடங்களையும் ஒத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து மட்டப்படுத்திக்கொள்ள வேண்டும். டயர்களில் காற்று ஒரே அளவாக இருத்தல் வேண்டும். எஞ்சின் அதனிடத்தில் இருக்க, வண்டியின் எடை தன் சக்கரங்களின் மீதே நிற்கட்டும். ஜாக்கியைச் சட்டத்தின் நடுவில் கொடுத்து உயர்த்தி வைத்துக்கொண்டு கதவைப் பொருத்தினால், இறக்கிய பின் எல்லா இடைவெளியும் மாறிவிடும்; சட்டம் சிறிது வளையும் தன்மையது.

பிறகு சேஸிஸின் இரு பக்கங்களிலும் ஒத்த துளைகள் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டு, எதிரெதிர் மூலைக் குறிகளுக்கிடையே மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதும் இம்முறையிலேயே. இரு அளவுகளும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை. தச்சர் கணக்கில் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரை வேறுபாடு இருப்பின் கவலையில்லை. இரண்டு மூன்று நூலுக்கு மேல் போகுமானால், தகட்டு வேலையை நிறுத்திவிட்டுச் சட்டத்தை நேராக்கும் வசதியுள்ள பட்டறைக்கு முதலில் அனுப்ப வேண்டும். கோணிய சட்டத்தின் மீது நேரான கேபினை அமைப்பது இயலாத காரியம்.

கேபினின் கால்கள்

கேபின் சட்டத்தின் மீது நேரே உட்காருவதில்லை. இடையில் ரப்பர் மெத்தைகள் உள்ளன. சில பழைய வண்டிகளில் கித்தான் கலந்த ரப்பர்ப் பட்டைகள் இருக்கும். உயரம் சரிசெய்ய அவற்றோடு மெல்லிய இரும்புத் தகடுகளையும் வைத்திருப்பர். பட்டறையில் இவற்றைப் பேக்கிங் என்பார்கள். இவ்விடத்திலேயே நாம் நிதானமாக நிற்க வேண்டும். ஏனெனில் மேலே தெரியும் குறைகளில் பாதிக்கு மேல் இங்கிருந்து பிறக்கின்றன.

நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ரப்பர் நசுங்கிப் பாதியாகிவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக நசுங்குமானால் தொல்லையில்லை. சேறும் நீரும் தேங்கும் முன்பக்கத்தில் கூடுதலாகவும், பின்பக்கத்தில் குறைவாகவும் நசுங்குவதே வழக்கம். பழுது பார்த்தவர்கள் பழைய டயரை வெட்டி வைப்பதும் உண்டு. டயர்த் துண்டு ரப்பருக்கு மாற்றாகலாம்; ஆனால் ஒரு துண்டு நான்கு நூல் கனமாகவும் மற்றொன்று ஆறு நூல் கனமாகவும் இருந்தால், நான்கு கால்களில் ஒன்று குட்டையான கட்டில் போலக் கேபின் முறுக்கிக்கொள்ளும்.

கழற்றும்போது ஒவ்வொரு மூலையிலும் இருந்த பேக்கிங் தகடுகளை எண்ணி, கம்பியில் கோத்து, 'ஓட்டுநர் பக்கம் முன்', 'ஓட்டுநர் பக்கம் பின்' என்று சீட்டுக் கட்டி வைக்க வேண்டும். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால், பொருத்தும் நாளில் விடை தெரியாத கணக்கைப் போட்டுக் கொண்டிருக்க நேரும்.

புதிய ரப்பர் வைத்த பின் கதவை மாட்டிப் பார்த்தால், கதவே கேபினின் நிலையைச் சொல்லும். கதவின் கீல்கள் முன் கம்பத்தில் உள்ளன என்று கொள்வோம். கதவின் பின்னோரத்துக்கும் பின் கம்பத்துக்கும் இடையேயுள்ள சந்தை மேலும் கீழும் அளக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், கேபினின் முன்பகுதி தாழ்ந்துள்ளது என்று பொருள். முன் கால்களில் பேக்கிங் கூட்டினால், முன் கம்பத்தின் தலை பின்னோக்கிச் சாயும். அத்துடன் கதவும் சாய்ந்து மேற்சந்து குறுகும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் முன் காலில் பேக்கிங்கைக் குறைக்க வேண்டும். இரு பக்கக் கதவுகளிலும் ஒரே விதமான குறை தெரிந்தால் இரு முன் கால்களையும் சமமாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மேலே அகன்றும், மறுபக்கம் மேலே குறுகியும் இருந்தால் கேபின் முறுக்கியுள்ளது. அப்போது முன்கண்ணாடிச் சட்டத்தின் மூலைவிட்டங்களையும் அளந்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு மயக்கத்துக்கு இடமுண்டு. கீலின் ஆணி தேய்ந்து கதவின் பின்முனை தொங்கினாலும் சந்து கோணும். மேலே குறுகிக் கீழே அகலும். ஆகையால் பேக்கிங்கில் கை வைக்குமுன், கதவைப் பாதி திறந்து அதன் பின்முனையைக் கையால் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் குற்றம் கீலில். புதிய ஆணியும் பித்தளைப் புஷ்ஷும் போட்ட பிறகே மற்றதை அளக்க வேண்டும்.

கீழ்வேளூரை அடுத்த ஒரு சிற்றூரில் நாம் கண்ட பிக்கப் வண்டி இதற்கு நல்ல சான்று. அதன் கதவுச் சந்து மேலே மூன்று நூல், கீழே அரை நூல். இரு பக்கமும் ஏறத்தாழ அப்படியே. கதவின் கீழ் ஓரத்தை வெட்டி ஒட்டிவிடலாம் என்று உரிமையாளர் முடிவு செய்திருந்தார். டிங்கர் வேலை செய்யும் முதியவர் கதவைத் தூக்கிப் பார்த்தார், கீல் ஆடவில்லை. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கதவு மேலே குத்தமில்லைங்க ஐயா. முன்னங்கால் ரெண்டும் அமுங்கிக் கெடக்கு" என்றார். முன் கால்கள் இரண்டிலும் இரண்டு நூல் கனத்துக்குப் பேக்கிங் சேர்த்தனர். சந்து மேலே இரண்டு நூலுக்குச் சற்றுக் குறைவாகவும், கீழே ஒன்றரை நூலாகவும் வந்து நின்றது. எஞ்சியதைக் கீலிலேயே தீர்த்துவிட்டனர். அரைநாள் வேலை. கதவை வெட்டியிருந்தால் தகடு, வெல்டிங், பட்டி எனச் செலவு வளர்ந்திருக்கும். முன்கால் அமுங்கியபடியே இருந்திருக்கும்.

அடிச்சட்டம் இற்றுப்போயிருந்தால்

கதவின் கீழுள்ள அடிச்சட்டமே கேபினின் முதுகெலும்பு. அது இற்றுப்போன வண்டியில் எத்தனை பேக்கிங் வைத்தாலும் அளவு நிற்காது. இற்ற பகுதியை வெட்டி எடுக்குமுன், கதவு வாயிலின் முன் கம்பத்தையும் பின் கம்பத்தையும் இணைத்து ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே தற்காலிகமாக வெல்டிங் செய்துகொள்ள வேண்டும். சாய்வாக இன்னொன்றும் வைத்தால் மேலும் நலம். இத்தாங்கல் இல்லாமல் வெட்டினால், கேபின் மெல்லத் தளர்ந்து இரு கம்பங்களும் விலகும். பின்னர்ப் புதிய அடிச்சட்டத்தைப் பற்றவைத்தவுடன் அக்கோணல் நிலைத்துவிடும். வெட்டுவதற்கு முன்பும், பற்றவைத்த பின்பும் கதவை மாட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஒட்டுப் போடும் தகடு பழைய தகட்டின் கனத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 18 அல்லது 20 கேஜ் பெரும்பாலும் பொருந்தும். ஒரே இழுப்பில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டினால் தகடு அலையலையாக நெளியும். இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, இடைப்பகுதியை நிரப்புவதே முறை. நாகம் பூசிய தகட்டை அப்படியே பற்றவைப்பதால் எழும் புகை உடலுக்குக் கேடு. பூச்சை நீக்கி, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். எரிபொருள் தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்தாமலும், பாட்டரி இணைப்பை எடுக்காமலும் வெல்டிங் தீயை அருகே கொண்டுவரலாகாது. இதனைப் பட்டறைக்காரர் அறிவார் என்று உரிமையாளர் இருந்துவிடக் கூடாது. தாமே நின்று பார்க்க வேண்டும்.

பொருத்தும் வரிசை

கேபின் நிலைத்த பிறகு கதவுகள். கதவுக்கு ஒத்து மட்கார்டுகள். மட்கார்டுக்கும் கேபினுக்கும் ஒத்து பானெட். எல்லாவற்றுக்கும் பின்னால் சுமைத் தொட்டி. இவ்வரிசையை மாற்றி, முகப்பு அழகாக இருக்க வேண்டுமென்று கிரில்லையும் பானெட்டையும் முதலில் இறுக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால், சேர்ந்துவரும் குறை அனைத்தும் கடைசியில் கதவின் தலையில் விழும்.

கதவை மாட்டும்போது, கம்பத்திலுள்ள பூட்டுக் கொண்டியையும் கதவைச் சுற்றிய ரப்பர்ப் பீடிங்கையும் கழற்றி வைத்துவிட வேண்டும். கொண்டி இருந்தால் அது கதவைத் தன் பக்கம் இழுத்து, பொய்யான பொருத்தத்தைக் காட்டும். கதவு தன் கீலில் மட்டும் தொங்கி, சந்துகள் ஒழுங்கான பிறகு, கொண்டியை மாட்டிக் கதவுப் பூட்டின் நாக்குக்கு நேராக நகர்த்தி இறுக்க வேண்டும். கொண்டியைக் கொண்டு கதவைத் தூக்கி நிறுத்துவது கூடாது. நாளடைவில் பூட்டு தேய்ந்து, ஒரு நாள் கதவு திறந்துகொள்ளும். பீடிங் புதிதாயின் கதவைச் சிறிது வெளியே தள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சந்தின் அகலம் எவ்வளவு இருக்கலாம் என்று பலர் கேட்கின்றனர். ஒன்றரை நூல் முதல் இரண்டு நூல் வரை பழைய பிக்கப்புக்குத் தகும். இன்றைய கார்களில் காணும் மயிரிழைச் சந்தை இவற்றில் தேடுவது வீண். புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இவ்வண்டிகளுக்கு அத்தகைய நுட்பம் இருந்ததில்லை. குறுகலாக இருப்பதைவிட, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருப்பதே கண்ணுக்கும் பயனுக்கும் உகந்தது. ஒன்றரை நூல் கனமுள்ள பிளைவுட் துண்டுகள் சிலவற்றை வெட்டிச் சந்துகளில் செருகிக்கொண்டால், அவையே அளவுகோலாகவும் தாங்கலாகவும் உதவும். வண்ணமும் பூச்சும் ஓரங்களில் சேர்வதால் சந்து சற்றுக் குறையும். அதற்கும் இடம் விட வேண்டும்.

மட்கார்டின் போல்ட்டுகள் அனைத்தையும் முதலில் கையாலேயே முறுக்கி, தளர்வாக விட்டுவைக்க வேண்டும். மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள சந்து மேலே அகன்றிருந்தால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் அடியில் பேக்கிங் சேர்த்து முகப்பை உயர்த்தலாம். கேபினுக்குச் சொன்ன அதே விதிதான். பானெட்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு மட்கார்டுகளும் இணையாக நின்றால் அது தானே அமரும். அதன் கொக்கிகள் இரண்டும் ஒரே அளவு இறுக்கத்துடன் பிடிக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுமைத் தொட்டியைச் சட்டத்தின் மீது வைக்குமுன் அதன் மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தல் நலம்; தொட்டி கோணியிருந்தால் பின்கதவு ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் துருத்தும். கேபினின் முதுகுக்கும் தொட்டிக்கும் இடையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சந்து விட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டைகளை அடுக்கிக்கொண்டு வரப்போர மண்பாதையில் செல்லும்போது, சேஸிஸ் முறுக்கிக் கொடுக்கும். கேபின் ஒரு பக்கமும் தொட்டி மற்றொரு பக்கமும் சாயும். நெருக்கி வைத்தால் இரண்டும் உராய்ந்து, முதலில் வண்ணமும் பின்னர்த் தகடும் கிழியும்.

வண்ணத்துக்கு முன் ஓட்டம்

எல்லாத் தகடுகளும் அமைந்த பிறகு, வண்ணம் பூசாமலே வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அழகற்ற நிலையில் வீதியில் ஓட்டுவதற்குச் சிலர் கூசுவர். ஆனால் ரப்பர் அமர்ந்து, போல்ட்டுகள் தம் இடத்தைக் கண்டுகொள்வது அவ்வோட்டத்தில்தான். திரும்பி வந்ததும் சந்துகளை மறுபடி அளந்து, மாறியவற்றைத் திருத்தி இறுக்க வேண்டும்.

இனி வண்ணத்துக்காக அனைத்தையும் கழற்ற வேண்டும். இத்தனை நாள் உழைப்பும் இங்கே வீணாகிவிடாதிருக்க எளிய வழி ஒன்று உண்டு. கழற்றுமுன், ஒவ்வொரு கீலிலும் அதன் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு நூல் அளவுத் துளை ஒன்று போட வேண்டும். மட்கார்டின் முக்கியப் பிணைப்புகளிலும் அவ்வாறே. திரும்பப் பொருத்தும்போது அத்துளையில் துரப்பண ஊசியையோ ஆணியையோ செருகினால், தகடு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

வண்ண வேலைக்கு நம் பகுதியில் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் காற்றில் பூசிய வண்ணம் வெளுத்துப் பூக்கும். தேய்த்து வைத்த வெற்றுத் தகடு ஓரிரவில் செம்மை படரும். சம்பா, தாளடி அறுவடை ஓய்ந்து, மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான ஜூன் 12-க்கு முற்பட்ட கோடையே இதற்கு ஏற்றது. விவசாயிக்கும் அப்போதுதான் சிறிது ஓய்வு. தகட்டைத் தேய்த்த அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் பூசி மாதக்கணக்கில் விட்டால், அதனூடே ஈரம் இறங்கும். எபாக்சி வகை பிரைமர் மேலானது. பட்டி ஒரு நூல் கனத்துக்கு மேல் போகலாகாது. அதற்கு மேல் தேவைப்படும் பள்ளத்தைச் சுத்தியலும் டாலியும் கொண்டு எழுப்ப வேண்டும். கதவின் அடியில் நீர் வடியும் துளைகள் உண்டு; வண்ணம் பூசுவோர் அவற்றை அடைத்துவிடுவது வழக்கம். ஒரு கம்பியால் குத்தித் திறந்து, உட்புறத்தில் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் தெளித்துவிட்டால், அடுத்த பருவமழைக்குக் கதவு தாங்கும்.

இத்தகைய வேலையில் கைதேர்ந்த டிங்கர்கள் சிற்றூர்களில் குறைந்து வருகின்றனர். தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், தகட்டு வேலை, மோட்டார் மெக்கானிக் ஆகிய பிரிவுகளில் பயிலும் நம் ஊர் இளைஞர்களை, முதியவர் ஒருவர் வண்டியைப் புதுப்பிக்கும் நாட்களில் உடன் இருக்கச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்கள் எளிதில் செய்யக்கூடிய ஏற்பாடு. கைவிரலால் சந்தைத் தடவி அரை நூல் வேறுபாட்டை உணரும் திறன் ஏட்டில் வராது. வாய்ப்புள்ளவர்கள் கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு அவர்களை ஒருமுறை அழைத்துச் சென்று, செம்மையாகப் பேணப்பட்ட பழைய வண்டிகளின் கதவுச் சந்துகளைக் காட்டலாம்.

புதுப்பித்த வண்டி ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழிந்ததும், கேபின் கால்களின் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பிறகு வழக்கமாக ஏற்றும் அளவு மூட்டைகளைத் தொட்டியில் அடுக்கி, கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் இலேசாக மூடிய கதவு, சுமையோடு இடிக்குமானால், பின் கால்களில் ஒன்று இன்னும் அமுங்குகிறது. அந்த ரப்பரை மாற்றிவிட்டுச் சந்தை மீண்டும் அளக்க வேண்டும்.